நெஞ்சு விரிந்தால் நிம்மதி

மனக்கவலை இன்று எந்த வீட்டுக்கும் புதிய விருந்தாளி அன்று. பொருள் உள்ளவன் அதைக் காக்கும் கவலையிலும், இல்லாதவன் அதைத் தேடும் கவலையிலும் உறக்கம் இழக்கிறான். "நெஞ்சை அடைக்கிறது", "மனம் சுருங்கிப் போயிற்று" என்று துன்பக் காலத்தில் நம் தாய்மார்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். துன்பம் நீங்கிய நாளில் அதே தாய்மார்கள், "நெஞ்சு லேசாயிற்று" என்பார்கள். எவரையும் வெறுக்காது பழகும் ஒருவரைக் கண்டால், "அவருக்கு விரிந்த மனசு" என்பார்கள். கவலையைச் சுருக்கம் என்றும், நிம்மதியையும் நற்குணத்தையும் விரிவு என்றும் நம் தமிழ் வழங்கி வருவது ஊன்றிக் கவனிக்கத் தக்கது.

நம் அண்டை வீட்டு மலாய்ச் சகோதரரும் இவ்வாறே பேசுகிறார். "லாப்பாங் டாடா" என்பது அவர்களுடைய வழக்கு. அகன்ற மார்பு என்பது அதன் நேர்ப்பொருள். கவலை நீங்கிய நிலையை அச்சொல் குறிக்கும். பிறர் கருத்தைப் பொறுமையுடன் ஏற்கும் பெருந்தன்மையையும் அதே சொல் குறிக்கும்.

இவ்விரு மொழிகளும் சொல்வதையே நம் திருமறையும் சொல்லுகிறது. அதன் 94-ஆவது அத்தியாயத்திற்கு "அல் இன்ஷிராஹ்" என்று பெயர். விரிதல் என்பது அதன் பொருள். மக்காவில் எதிர்ப்பும் ஏளனமும் சூழ்ந்திருந்த காலத்தில் அருளப்பெற்ற அத்தியாயம் அது. நபிபெருமானார் (ஸல்) அவர்களின் நெஞ்சை இறைவன் விரிவாக்கியதையும், முதுகை அழுத்திய சுமையை இறக்கியதையும் அது நினைவூட்டுகிறது. துன்பத்துடன் இலேசும் சேர்ந்தே வருகிறதென இருமுறை உறுதி கூறுகிறது. சுமை இறங்குவதற்கு முன்னர் நெஞ்சு விரிவதே அங்குப் பேசப்படுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்களின் வரலாறும் இதற்குச் சான்று. பிர்அவ்னின் அரசவைக்குச் செல்லுமாறு கட்டளை பிறந்தபோது, அவர்கள் படை கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. தம் நெஞ்சை விரிவாக்கித் தருமாறே முதலில் வேண்டினார்கள். பின்னர், தம் காரியம் எளிதாகவும் நாவின் முடிச்சு அவிழவும் வேண்டினார்கள். இறுதியில், தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தருமாறு கேட்டார்கள். இறைவனிடம் கையேந்துவதும் ஒரு மனிதரின் துணையை நாடுவதும் ஒரே துஆவில் அடங்கியிருக்கின்றன. இரண்டையும் வெவ்வேறாகப் பிரித்தவர்கள் நாமே.

ஈமான் மட்டும் போதும், வேறெதுவும் வேண்டா என்று ஒரு சாரார் கூறுகின்றனர். மதப் பிடிப்பே மனத்தைக் குறுக்குகிறது, அதை விட்டொழித்தால் நிம்மதி என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். இரண்டும் பாதி உண்மைகளே. மெய்யான ஈமான் நெஞ்சை விரிக்கும். விரிந்த நெஞ்சிலேயே அமைதி தங்கும். நெஞ்சைச் சுருக்குகிற ஒன்று ஈமானின் பெயரால் நம்மிடம் வந்தால், அது ஈமான்தானா என்று சோதித்துப் பார்ப்பது நம் கடமை.

நம்மைச் சூழ்ந்த நெருக்கடி

இது வெறும் தத்துவ விசாரம் அன்று. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 2023-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வில், 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 4.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 10 இலட்சம் பேர், மனச்சோர்வு நோயால் வருந்துவது தெரியவந்தது. 2019-இல் இது 2.3 விழுக்காடாக இருந்தது. நான்கு ஆண்டுகளில் இரு மடங்கு! இந்தப் பத்து இலட்சத்தில் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தோரும் இருப்பர். ஜும்ஆவில் நம் தோளோடு தோள் சேர்த்து நிற்பவரும் அவர்களுள் ஒருவராக இருக்கலாம்.

கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தை நாம் அறிவோம். 1863-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரால் வழங்கும் பகுதி அது. துணி, நகை, நாணய மாற்று, உணவகம் எனத் தலைமுறை தலைமுறையாக நம்மவர் வாணிபம் செய்துவரும் தெரு. 2020 மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது அத்தெரு ஓய்ந்தது. பள்ளிவாசல்களில் ஜும்ஆவும் ஜமாஅத்தும் நின்றன. அவ்வாண்டு ரமலானில் தராவீஹ் தொழுகையை வீட்டுக்குள்ளேயே தொழுதோம். அந்த அடியிலிருந்து எழுந்து நின்ற வணிகர்களுக்கு 2024 ஆகஸ்டு 23-ஆம் நாள் மற்றோர் அதிர்ச்சி நேர்ந்தது. நடைபாதை திடீரென உள்வாங்கி, இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு பெண்மணி அந்தக் குழிக்குள் மறைந்தார். ஒன்பது நாள் தேடியும் அவரை மீட்க முடியவில்லை. அந்தக் குடும்பத்தின் துயரம் பெரிது. அதற்கு ஈடு சொல்ல எதுவுமில்லை. பலநாள் மக்கள் அப்பக்கம் வர அஞ்சினர். வாடகையும் சம்பளமும் மட்டும் எவருக்காகவும் காத்திருக்கவில்லை.

இப்படிப்பட்ட வேளையில் வாடிய முகத்துடன் வருகிறவரிடம் நம்மில் பலர் என்ன சொல்கிறோம்? "எல்லாம் ஈமான் குறைவு. தொழுகையைப் பேணுங்கள், சரியாகிவிடும்" என்கிறோம். சொல்பவரின் எண்ணம் நல்லதுதான். ஆயினும் கேட்பவரின் நிலை என்னவாகிறது? அதுவரை அவருக்குக் கடன் கவலை ஒன்றுதான் இருந்தது. இப்போது, தாம் நல்ல முஸ்லிம் அல்லவோ என்ற இரண்டாவது கவலையும் சேர்ந்துகொள்கிறது. நெஞ்சை விரிக்க வேண்டிய மார்க்கத்தைக் கொண்டே அவர் நெஞ்சைச் சுருக்கிவிடுகிறோம்.

நபிமாரும் கண்ணீர் சிந்தினர்

துக்கம் ஈமான் குறைவின் அடையாளமாயின், நபிமார்களைப் பற்றி என்ன சொல்வது? ஹஜ்ரத் யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் பார்வை மங்கும் அளவுக்கு வருந்தினார்கள். திருமறை அதை மறைக்கவில்லை, இழிவாகவும் கூறவில்லை. நபிபெருமானார் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் கதீஜா (ரலி) அவர்களையும், தம்மை வளர்த்துக் காத்த அபூதாலிபையும் ஏறத்தாழ கி.பி. 619-இல் அடுத்தடுத்து இழந்தார்கள். அந்த ஆண்டுக்கே "துக்க ஆண்டு" என்று வரலாற்றாசிரியர்கள் பெயரிட்டனர். கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் பாதுகாவல் தேடும் துஆவை அண்ணலார் வழக்கமாகவே ஓதி வந்தார்கள். கவலை வராது என்றால் அத்துஆ எதற்கு?

கி.பி. 632-இல் நிகழ்ந்த ஒன்று நம் சிந்தனைக்கு மிக உரியது. அண்ணலாரின் குழந்தை இப்ராஹீம் மறைந்தது. தந்தையின் கண்களில் நீர் பெருகிற்று. ஆச்சரியத்துடன் கேட்டவர்களிடம், அது இரக்கத்தின் அடையாளம் என்றார்கள். கண் அழும், நெஞ்சு நோகும், ஆனால் இறைவன் விரும்பாததை நாவு சொல்லாது என்ற கருத்தைத் தெரிவித்தார்கள். அதே நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. நபியின் மகன் இறந்ததற்காகக் கதிரவனே இருண்டுவிட்டதாக மக்கள் பேசிக்கொண்டனர். ஒரு பொய்த் தலைவனாயிருந்தால் அப்பேச்சை மௌனமாக ஏற்றிருப்பான். துயரத்தின் நடுவிலும் அண்ணலார் எழுந்து, எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் சூரியனும் சந்திரனும் மறைவதில்லை என்று மக்களுக்கு எடுத்துரைத்தார்கள்.

இவ்வொரு நாளில் நமக்கு எவ்வளவு பாடம்! ஈமான் அங்கே கண்ணீரைத் தடுக்கவில்லை. கண்ணீர் அறிவை மறைக்கவும் இல்லை. அழவும் முடிந்தது, உண்மையை உண்மையென்று சொல்லவும் முடிந்தது. விரிந்த நெஞ்சு என்று நாம் சொல்வது இதைத்தான்.

உள்ளத்துக்கும் மருத்துவம்

நம் முன்னோர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். பல்க் நகரத்து அறிஞர் அபூ ஸைத் அல் பல்கீ (ரஹ்) அவர்கள் கி.பி. 934-இல் மறைந்தார்கள். உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருவன பற்றி அவர்கள் எழுதிய நூலின் ஒரு பகுதி முழுவதும் உள்ளத்தின் நோய்களைப் பற்றியது. சினம், அச்சம், துயரம், விடாது அரிக்கும் வீண் எண்ணம் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து ஆராய்ந்தார்கள். துயரத்தை இரு வகையாகப் பிரித்தார்கள். காரணம் தெரிந்த துயரம் ஒன்று. காரணம் விளங்காமலே வந்து கவிந்து கொள்ளும் துயரம் மற்றொன்று. பின்னதற்கு உடலின் நிலையும் காரணமாகலாம், அதற்கு மருந்தும் வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்டார்கள்.

அவர்கள் கூறிய ஒரு யோசனை இன்றும் நமக்குப் பயன்படும். உடல் நலமாயிருக்கும்போதே மருந்தை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்கிறோம் அல்லவா? அதுபோல, மனம் அமைதியாயிருக்கும் வேளையில் நல்ல எண்ணங்களைத் தேர்ந்து சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். கொந்தளிப்பு வரும்போது அவற்றை எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்றார்கள். புயல் வீசும்போது கூரை வேய முடியாது என்பது நம் ஊர் அனுபவமும்தானே.

இந்நூலை இக்கால உலகிற்கு ஆங்கில வழியே அறிமுகப்படுத்திய சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரி அவர்கள், நம் நாட்டு அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பணியாற்றியவர், 2021-இல் மறைந்தார். மேனாட்டு உளவியலைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் தவறு, அதிலுள்ள நன்மையைத் தள்ளுவதும் தவறு என்பது அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய கருத்து.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை அறியாதார் நம்முள் எவர்? பாக்தாது நகர் நிஜாமிய்யா கல்விச்சாலையின் தலைமை ஆசிரியர். மூன்று நூறு மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர். மன்னரும் மதித்த மேதை. 1095-ஆம் ஆண்டில் அவருடைய நாவு அடைத்துக்கொண்டது. பாடம் சொல்ல வாய் திறந்தால் ஒரு சொல்லும் வரவில்லை. உணவு இறங்கவில்லை, உடல் தேய்ந்தது. மருத்துவர்கள் சோதித்துவிட்டு, இது நெஞ்சிலிருந்து எழுந்த நோய், நெஞ்சின் கவலை தீர்ந்தாலன்றி உடலுக்குச் செய்யும் வைத்தியம் பலிக்காது என்று கைவிட்டனர். பதவியையும் புகழையும் விடவும் மனமில்லை, அவற்றில் தங்கியிருக்கவும் மனமில்லை என்ற இழுபறியே நோய்க்குக் காரணம் என்று இமாம் அவர்களே பிற்காலத்தில் ஒளிவு மறைவின்றி எழுதினார்கள். இறைவனிடம் சரணடைந்தார்கள், பதவியைத் துறந்து டமாஸ்கசுக்கும் பைத்துல் முகத்தஸுக்கும் ஹஜ்ஜுக்கும் சென்றார்கள். அந்தக் காலத்திலேதான் அவர்களுடைய தலைசிறந்த எழுத்துகள் தோன்றின.

இத்தகைய பேரறிஞருக்கே நெஞ்சு நோய் வந்தது. அவர்களை நாம் ஈமான் குறைந்தவர் என்போமா? அங்ஙனமாயின், பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சைக்கு அஞ்சிப் பேசாமலிருக்கும்போது மட்டும் நாம் ஏன் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிறோம்?

திறந்த மனம் ஈமானைக் குலைக்குமா?

"மனத்தைத் திறந்து வைத்தால் கண்டதும் உள்ளே புகுந்துவிடாதா? ஈமான் தளர்ந்துவிடாதா?" என்று பெரியவர்கள் சிலர் அஞ்சுகின்றனர். நியாயமான கேள்விதான். இதற்கும் இமாம் அவர்களே விடை தருகிறார்கள். இரத்தம் உறிஞ்சி எடுக்கும் வைத்தியரின் குப்பியில் தேனை வைத்தால், குப்பியின் பெயரைக் கேட்டே தேனை அருவருப்பவன் பேதை. தேன் எங்கிருந்தாலும் தேனே என்று விளக்கினார்கள். தத்துவவாதிகள் சொன்னார்கள் என்பதற்காகக் கணக்கையும் கிரகண சாத்திரத்தையும் மறுப்பவன், மார்க்கத்துக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு அதற்குத் தீங்கு செய்யும் அறியா நண்பன் என்றும் கண்டித்தார்கள். ஏற்பதை ஏற்று, தள்ளுவதைத் தள்ளினார்கள். அவர்களின் ஈமான் அதனால் வலுத்ததேயன்றித் தளரவில்லை.

ஆழ வேரூன்றிய மரத்துக்குக் காற்றைப் பற்றிப் பயமில்லை. தொட்டியில் நட்ட செடியைத்தான் உள்ளே தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. பிறர் பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் நாம் பதறுகிறோம் என்றால், நாம் காவல் செய்வது ஈமானையா, நம் பெருமையையா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டில், கி.பி. 628-இல், ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்ததும் தோழர்கள் மனமுடைந்திருந்தனர். குர்பானியை அறுத்துத் தலைமுடி களையுமாறு அண்ணலார் மூன்று முறை கூறியும் எவரும் எழவில்லை. அண்ணலார் கூடாரத்தினுள் சென்று தம் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நிலைமையைச் சொன்னார்கள். எவரிடமும் பேசாமல் தாங்களே முதலில் அறுத்து, முடி களையுங்கள் என்று அம்மையார் யோசனை கூறினார்கள். அவ்வாறே செய்ததும் அனைவரும் எழுந்தனர். வஹீ அருளப்பெற்ற நபியே வீட்டுப் பெண்ணின் ஆலோசனைக்குச் செவி சாய்த்தார்கள். "நம் வீட்டு விஷயத்தை மனைவியிடம் சொல்வதா?" என்று கடைக்கணக்கை மறைத்து, தனியே புழுங்கிச் சாகும் ஆண்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், ஏறத்தாழ கி.பி. 639-இல், ஷாம் நாட்டு எல்லையில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டு நின்றார்கள். முஹாஜிர்களைக் கேட்டார்கள், அன்ஸார்களைக் கேட்டார்கள், முதிய குறைஷியரையும் கேட்டார்கள். பின்னரே திரும்ப முடிவு செய்தார்கள். இறைவனின் விதியை விட்டு ஓடுவதா என்ற வினா எழுந்தது. ஒரு விதியிலிருந்து அவன் விதித்த மற்றொன்றுக்கே செல்வதாக விடை தந்தார்கள். 2020-இல் பள்ளிவாசல் கதவுகள் சாத்தப்பட்டபோது நம் உலமாக்கள் இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி மக்களின் கலக்கத்தைத் தீர்த்தனர். தவக்குல் என்பது கண்ணைக் கட்டிக்கொள்வது அன்று என்பதை அன்று நேரிலேயே கண்டோம்.

அண்டை அயலாரும் நம் அமைதியும்

ரஜுலா போன்ற கப்பல்களில் ஏறிப் பினாங்கிலும், 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வந்திறங்கிய நம் சபுராளிகள், தாயையும் மனைவி மக்களையும் ஊரில் விட்டு வந்தவர்கள். கடிதம் வர வாரக்கணக்காகும். மவுத்துச் செய்தி வரும்போது ஊரில் நாற்பதாம் நாள் பாத்திஹாவும் முடிந்திருக்கும். அவர்கள் எதைக் கொண்டு தாங்கினார்கள்? தொழுகையும் ஜமாஅத்தும் அவர்களைத் தாங்கின. அவற்றுடன், அவர்கள் மலாய் மொழி கற்றுக்கொண்டார்கள். சீன மொத்த வியாபாரியிடம் வாக்கு நாணயத்தால் கடன் பெற்றார்கள். இந்துத் தமிழரின் நல்லது கெட்டதில் முன் நின்றார்கள். பள்ளிவாசலைக் கட்டினார்கள், மனக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் இன்றும் அதைக் காட்டுகிறது. ஒரே வட்டாரத்துக்குள் நம்மவரின் மதரஸத்துல் கவுதிய்யா சூராவ், இலங்கைத் தமிழரின் கந்தசுவாமி கோவில், 1894-இல் தோன்றிய சிங்களரின் பௌத்த மகா விகாரை, கத்தோலிக்கரின் ஹோலி ரோசரி தேவாலயம் யாவும் இருக்கின்றன. கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் நம் பள்ளிவாசலின் பாங்கோசை, பூக்கடையையும் பலகாரக் கடையையும் தாண்டி எல்லார் காதிலும் விழுகிறது. பூக்கட்டும் அம்மா அந்த ஓசையைக் கொண்டே நேரம் கணிக்கிறார். இவர்களுள் எவரும் தம் மார்க்கம் மற்றதைப் போன்றதே என்று சொல்லவில்லை. திறந்த மனம் என்பது எல்லாம் ஒன்றே என்று மழுப்புவது அன்று. தன் நம்பிக்கையில் உறுதியாக நின்று, பிறர் இருப்பதைக் கண்டு அஞ்சாதிருப்பதே அது.

அச்சம் புகுந்தால் என்னாகும் என்பதையும் அண்மையில் கண்டோம். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நின்ற நிலம் 2014-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தது. அங்குப் பள்ளிவாசல் கட்டும் திட்டம் 2025 மார்ச்சில் பெரும் சர்ச்சையாயிற்று. எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நாம் இங்கு முற்படவில்லை. அந்த வாரங்களில் நம் கைப்பேசிகளில் வந்து குவிந்த செய்திகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். நாற்பதாண்டு நண்பர்கள் ஒருவர்க்கொருவர் முகம் பார்க்கக் கூசினர். இரு பக்கத்திலும் நெஞ்சு சுருங்கிற்று, உறக்கம் கெட்டது. மாத இறுதியில், சுமார் 50 மீட்டர் தொலைவிலுள்ள வேறோர் இடத்துக்கு ஆலயம் மாற இணக்கம் காணப்பட்டது. அதில் முழு மனநிறைவு கொள்ளாதோர் இரு புறத்திலும் உண்டு. ஆயினும், ஏச்சினால் நடவாத ஒன்று எதிரெதிரே அமர்ந்து பேசியதால் நடந்தது என்பது உண்மை. பிறன் மேல் நாம் வளர்க்கும் வெறுப்பு முதலில் எரிப்பது நம் நெஞ்சைத்தான்.

2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தபோது, தாமான் ஸ்ரீ மூடாவில் மாடியில் சிக்கிய மக்களுக்குச் சோற்றுப் பொட்டலம் எந்த இனத்தார் சமையற்கூடத்திலிருந்து வந்தது என்று எவர் கேட்டார்? பள்ளிவாசல்களும் கோயில்களும் குருத்துவாராக்களும் அடுப்பை மூட்டின. அதற்குச் சில மாதங்கள் முன்பு, அவ்வாண்டின் நடுவில், வருமானமின்றித் தவித்த குடும்பங்கள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டின. கண்டவர் அரிசியும் பருப்பும் கொண்டு வந்தனர். இதில் ஒரு நுட்பம் உண்டு. கொடி கட்டிய வீட்டுக்கே உதவி வந்தது. தன் கஷ்டத்தை மறைத்துக் கதவைச் சாத்தியிருந்த வீட்டை எவரும் அறியவில்லை. உள்ளத்துக்கும் இதே நியதிதான்.

சபுரை யாருக்குச் சொல்வது?

சபுர் ஈமானில் பாதி என்று பெரியோர் கூறுவர். அதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும்போது அது மருந்து. பிறனுக்குச் சொல்லும்போது, அவன் துன்பத்தில் நம் பங்கு என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். உணவகத்தில் விடியற்காலை முதல் நள்ளிரவு வரை நின்று, ஊருக்குப் பணம் அனுப்பத் தவிக்கும் தொழிலாளியிடம் முதலாளி சபுரைப் போதிப்பது தகாது. கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அவனுக்கு உரிய கூலியும் ஓய்வும் தந்தால் பாதிக் கவலை அப்போதே தீரும். மீதிக்குச் சபுரைச் சொல்லலாம்.

அதுபோலவே, நோயை நோய் என்று ஒப்புக்கொள்வதும் கடமை. வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் கெட்டு, வாழ்வே வேண்டா என்று ஒருவர் பேசினால், அவருக்கு துஆவும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நம் நாட்டில் நீக்கப்பட்டது. உயிரை மாய்ப்பது மார்க்கத்தில் பெரும்பாவம் என்பதில் மாற்றமில்லை. அதனாலேயே, அந்த விளிம்புக்கு வந்தவரை இழுத்துக் காப்பது நம்மேல் இன்னும் பெரிய கடமையாகிறது. கோலாலம்பூரில் 1970 முதல் செயல்பட்டு வரும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் முகம் அறியாதவரின் துயரத்தையும் காது கொடுத்துக் கேட்கின்றனர். முகம் அறிந்த நாம் கேட்கலாகாதா?

ஆகவே, நாம் செய்யத்தக்கவை பெரிய காரியங்கள் அல்ல. ஐவேளைத் தொழுகையைக் கடனே என்று முடித்து ஓடாமல், அதை நாளின் ஐந்து இளைப்பாறுதல்களாகக் கொள்வோம். நெற்றி தரையில் படும் அந்த நேரம், நம்மால் ஆகாதவற்றை ஆகுபவனிடம் ஒப்படைக்கும் நேரம். ஜும்ஆ முடிந்ததும் செருப்பைத் தேடி விரையாமல், பக்கத்தில் நின்றவரிடம், "என்ன காக்கா, நலமா?" என்று கேட்டு, விடை வரும் வரை நிற்போம். வீட்டில் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குக் கோபத்தைப் பதிலாகத் தராமல், தெரிந்ததைச் சொல்வோம். தெரியாததை அவர்களுடன் சேர்ந்து கற்போம். வெறுப்பைத் தூண்டும் செய்தி கைப்பேசியில் வந்தால், அதை மற்றவருக்கு அனுப்புமுன் உண்மைதானா என்று விசாரிப்போம். தீயோன் கொண்டு வந்த செய்தியை ஆராயச் சொல்வதும் நம் திருமறையே.

கடல் வற்றினால்தான் கப்பலுக்கு அமைதி என்பதில்லை. கடல் இருக்கும், அலையும் இருக்கும். நங்கூரமும் வேண்டும், காற்றை அறிந்து திருப்பும் பாயும் வேண்டும். ஈமான் நங்கூரம், விரிந்த மனம் பாய். இரண்டும் உள்ள கப்பலிலேயே நம் மூதாதையர் இந்நாட்டுக் கரையேறினர்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் நெஞ்சங்களையும் விரிவாக்கி, சுமைகளை இலேசாக்கி, ஒருவர்க்கொருவர் துணையாய் வாழும் பேற்றை அருள்வானாக! ஆமீன்.